தருமபுரியில் வாடகை வீடு: ரெண்டு திருநங்கைங்களுக்கு விடலாம்னு இருக்கேன், தெருவே கூடி நிக்குது

புளியங்கா
எல்லாருக்கும் வணக்கம். பென்னாகரம் ரோட்டுப் பக்கம் எங்களுக்கு மாடி வீடு. கீழ நாங்க, மேல் போர்ஷன் தை மாசத்துல இருந்து காலியா கிடக்கு. போன வாரம் ரெண்டு திருநங்கைங்க வந்து கேட்டாங்க. ஒருத்தங்களுக்கு தனியார் ஆஸ்பத்திரியில பில் போடற வேலை. இன்னொருத்தங்க வீட்டுலயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாங்க. என் வீட்டுக்காரம்மா ரொம்ப நாளா அவங்ககிட்டதான் தைக்கக் குடுக்கறா, அந்தப் பழக்கம். அட்வான்ஸ், வாடகை எதுலயும் பேரம் பேசல.

இப்ப இருக்கற வீட்டை ஏன் காலி பண்றீங்கன்னு கேட்டேன். ராத்திரியானா பசங்க பைக்ல வந்து கதவை ஒதைக்கறாங்களாம், ஓட்டு மேல கல்லு எறியறாங்களாம், வாசல்ல இருந்த தண்ணிக் குழாயை உடைச்சிட்டாங்களாம். தைக்கறவங்க விடியக்காலை பால் வாங்கப் போனப்ப முடியைப் புடிச்சு இழுத்துத் தள்ளியிருக்காங்க. வலது கையில தையல் போட்டிருக்கு, நானே பார்த்தேன். இன்னும் கத்தரிக்கோல் புடிக்க முடியல. போலீஸ்ல சொன்னா, "நீங்க அங்க இருக்கறதாலதானே பசங்க வர்றாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். வீட்டு ஓனரும் அதையே சொல்லி மாசக் கடைசிக்குள்ள போயிடுங்கன்னுட்டார்.

நான் சரின்னு சொன்ன மறுநாளே நம்ம தெருக்காரங்க ஏழெட்டு பேர் வந்துட்டாங்க. "குடும்பம் இருக்கற தெரு, பொம்பளப் புள்ளைங்க இருக்கு, யோசிச்சு செய்யுங்க." யோசிச்சேன். குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சட்டப்படி என்னென்ன செஞ்சு வெச்சுக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்காளிமண்டி
அண்ணா, உங்க மனசு நல்ல மனசு. ஆனா தெருவைப் பகைச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க? நாளைக்கு நல்லது கெட்டதுன்னா அவங்கதான் வந்து நிக்கணும். எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை. வெள்ளிக்கிழமையானா காலையில கை தட்டிக்கிட்டு நிக்கறாங்க. பத்து ரூபா குடுத்தா வாங்கறதில்ல, அம்பது கேக்கறாங்க. குடுக்கலைன்னா சாபம். டோல்கேட்ல, டிரெயின்ல எல்லாம் இதே கதை. அடிக்கறது தப்புதான், நான் நியாயப்படுத்தல. ஆனா ஜனங்களுக்கு ஏன் பயம்னு நீங்களும் பார்க்கணும்.

ஊர்சுத்தி_பென்னாகரம்
பில் போடற அம்மாவும் துணி தைக்கற அம்மாவும் உங்க கடையில எப்ப வந்து கை தட்டினாங்க?

அரூர்_டீச்சரம்மா
தக்காளிமண்டி தம்பி, நீங்க வெள்ளிக்கிழமையில இருந்து கதையை ஆரம்பிக்கறீங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசுப் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவ. எனக்கு அந்தக் கதை எட்டாங்கிளாஸ்ல இருந்து தெரியும்.

ஒரு பையன் இருந்தான் (அப்ப பையன்னுதான் ரிஜிஸ்தர்ல பேர்). கணக்குல கெட்டி. இன்டர்வெல் மணி அடிச்சா எல்லாரும் ஓடுவாங்க, இவன் மட்டும் பெஞ்சுலயே உக்காந்திருப்பான். ஏன்டான்னா ஒண்ணும் சொல்ல மாட்டான். அப்புறம்தான் தெரிஞ்சது, ஆம்பளப் பசங்க கக்கூஸ்ல இவனை நிக்க வெச்சு டவுசரை அவுத்துப் பார்க்கறதை ஒரு விளையாட்டா வெச்சிருந்தாங்க. நடக்கற விதத்தை வெச்சு வாத்தியாருங்களே பட்டப்பேர் வெச்சு கூப்பிட்டாங்க, அதையும் சொல்லணும். நான் ஹெச்.எம். கிட்ட சண்டை போட்டேன். "அவனை ஒழுங்கா நடக்கச் சொல்லுங்க டீச்சர்"னு பதில் வந்துச்சு. வீட்டுல அப்பா மொட்டை அடிச்சு விட்டார், சூடு வெச்சார். பத்தாவது பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்துச்சு, ஆள் வரல. பெங்களூர் பஸ் ஏறிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்.

பத்தாவது முடிக்காத, வீட்டுப் பக்கம் திரும்ப முடியாத, கையில ஆதார் கூட இல்லாத ஒரு புள்ளைக்கு நீங்க உங்க செல்போன் கடையில வேலை போட்டுக் குடுத்திருப்பீங்களா? கோவமா கேக்கல தம்பி, நிஜமாவே கேக்கறேன்.

வக்காலத்து
புளியங்கா ஐயா கேட்டதுக்கு வர்றேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

யாரை குடி வெக்கறதுன்னு முடிவு பண்ண தெருவுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. 2014 ஏப்ரல் 15ல உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குல, தன் பாலினம் எதுன்னு சொல்ற உரிமை அவங்கவங்களுக்கே உண்டுன்னு தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் வந்தது 2019 திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜனவரி 10ல இருந்து அமல். அதோட 3ஆம் பிரிவுல படிப்பு, வேலை, வைத்தியத்தோட வீடு வாடகைக்கு எடுக்கறது, குடியிருக்கறது எல்லாத்துலயும் பாகுபாடு கூடாதுன்னு இருக்கு. ஆனா மீறினா என்ன தண்டனைன்னு தேடினா அந்தப் பிரிவுக்குன்னு ஒண்ணும் இல்ல. ஏட்டுச் சுரைக்காய்.

உங்களுக்கு உதவறது 18ஆம் பிரிவு. ஒரு திருநரை வீட்டை விட்டோ ஊரை விட்டோ குடியிருக்கற இடத்தை விட்டோ வெளியேற வெச்சா குற்றம். பொது இடத்துக்குப் போக விடாம தடுத்தா குற்றம். உடம்பால, வார்த்தையால, பாலியல் ரீதியா, பண ரீதியா துன்புறுத்தினாலும் குற்றம். 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் சிறை, கூடவே அபராதம். உங்க தெருக்காரங்க கூட்டமா வந்து மிரட்டி அவங்களைத் துரத்தினா இதுக்குள்ளதான் வருவாங்க. பேச்சோட பேச்சா அவங்க காதுல போட்டு வைங்க.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, ஒரு பெண்ணை பலாத்காரம் பண்ணினா குறைஞ்சது 10 வருஷம். திருநருக்கு நடக்கற பாலியல் கொடுமைக்கு இந்தச் சட்டத்துல அதிகபட்சமே 2 வருஷம். பழைய தண்டனைச் சட்டத்துல 377ஆம் பிரிவு இருந்தவரைக்கும் சம்மதமில்லாம நடந்ததுக்கு அதையாவது போட முடிஞ்சது. 2024 ஜூலை 1ல பி.என்.எஸ். (புது தண்டனைச் சட்டம்) வந்தப்ப அதையும் எடுத்துட்டாங்க, பதிலுக்கு எதையும் வெக்கல. பலாத்காரப் பிரிவுல பாதிக்கப்பட்டவர் "பெண்"ணுன்னுதான் இன்னும் இருக்கு. திருநங்கை அதுல வருவாங்களான்னு ஒவ்வொரு வழக்குலயும் வாதாடணும். திருநம்பி (பொண்ணாப் பொறந்து ஆணா வாழறவங்க) நிலைமை அதைவிட மோசம்.

அந்தத் தைக்கற அம்மா விஷயத்துல முதல் வேலை, ஆஸ்பத்திரி சீட்டை பத்திரமா எடுத்து வெக்கச் சொல்லுங்க. புகாரை எழுதியே குடுங்க, சி.எஸ்.ஆர். (புகார் வாங்கினதுக்கான) ரசீது வாங்காம ஸ்டேஷனை விட்டு எழுந்திரிக்க வேண்டாம். வாங்க மாட்டேன்னா அதே புகாரை எஸ்.பி.க்கு பதிவுத் தபால்ல அனுப்பணும், பி.என்.எஸ்.எஸ். (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 173(4) அதுக்குத்தான். 18ஆம் பிரிவோட, காயப்படுத்தினதுக்கான பி.என்.எஸ். பிரிவுகளையும் சேர்க்கணும்னு புகார்லயே எழுதிடுங்க. இலவச வக்கீலுக்கு கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கும் அடிக்கலாம்.

இன்னொண்ணு. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பாலினச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்காக 2021 ஜூன்ல குடுத்த உத்தரவுக்கு அப்புறம், 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலயே திருத்தம் வந்துச்சு. 24-சி விதி. இந்த மக்களையோ அவங்களுக்காக வேலை செய்யறவங்களையோ எந்தப் போலீஸும் துன்புறுத்தக் கூடாது. "நீங்க அங்க இருக்கறதாலதான்"னு சொன்னவர் அந்த விதியைப் படிச்சிருக்க மாட்டார். புகார் மனுவுல அந்த விதி நம்பரையும் ஒரு வரி போடுங்க.

மாந்தோப்பு_அம்மா
நான் கிருஷ்ணகிரி பக்கம். திருநங்கை. வயசு நாப்பதைத் தாண்டியாச்சு. தக்காளிமண்டி தம்பிக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா நான் கடை கேட்டவ, அதாவது கடை கடையா போய் காசு கேட்டவ.

பதினாறு வயசுல வீட்டை விட்டு வந்தேன். வந்தேன்னு சொல்றது மரியாதைக்கு, துரத்துனாங்க. பெங்களூர்ல ஜமாத்துல, திருநங்கைங்க சேர்ந்து வாழற கூட்டத்துல, சேர்ந்தேன். அங்க ஒரு அம்மா சோறு போட்டாங்க, படுக்க இடம் குடுத்தாங்க. சும்மா இல்ல, நானும் சம்பாதிச்சுக் குடுக்கணும். கடை கேக்கறது ஒண்ணு, இல்லன்னா ராத்திரி ரோட்டுல நிக்கறது. ரோட்டுல நின்னா எவன் எங்க கூட்டிட்டுப் போவான், உயிரோட திரும்புவோமா ஒண்ணும் தெரியாது. என்கூட இருந்தவ ஒருத்தி திரும்பவே இல்ல. பொணத்தை வாங்க வீட்டுல இருந்து யாரும் வரல. அதனால கடை கேக்கப் போறதையே நாங்க நல்ல வேலைன்னு நினைச்சோம் தம்பி. நீங்க முகத்தைத் திருப்பினாலும் அது பகல் வெளிச்சத்துல நடக்குதில்ல.

சாபம் குடுக்கறது எனக்கும் புடிக்காது. எங்கள்ல அடாவடி பண்றவங்களும் இருக்காங்க, அவங்களை நாங்களே திட்டறோம். ஆனா ஒருத்தி கை தட்டினதுக்கு இன்னொருத்தியோட முடியைப் புடிச்சு இழுக்கறது எந்த ஊர் நியாயம்? செல்போன் கடைக்காரர் ஒருத்தர் போலி சார்ஜர் வித்தா ஊர்ல இருக்கற எல்லா செல்போன் கடையிலயும் கல்லெறிவாங்களா?

இப்ப எனக்கு வாரிய அட்டை இருக்கு. 2008ல திருநங்கைங்களுக்கு நலவாரியம் ஆரம்பிச்சப்ப இந்தியாவுலயே நம்ம மாநிலம்தான் முதல். மாசம் 1500 பென்ஷன் வருது, டவுன் பஸ் இலவசம். ஆனா வீடு? ஒவ்வொரு வீட்டுலயும் இருந்து கிளம்பினதுதான் என் கதை. பக்கத்து வீட்டு வாடகைக்கு மேல ரெண்டு மடங்கு குடுத்தாதான் சாவி தர்றாங்க, அதுவும் ஊர்க் கோடியில, கதவு ஒழுங்கா சாத்தாத வீடு. அப்படி ஒதுக்குப்புறமா இருக்கறதாலதான் ராத்திரி குடிச்சிட்டு வர்றவனுக்கு நாங்க தோதா இருக்கோம். நடுத்தெருவுல, கீழ ஓனர் குடும்பத்தோட இருக்கற வீடுன்னா எவனும் வர மாட்டான். புளியங்கா ஐயா குடுக்கறது அந்த மாதிரி வீடு. நீங்க ரெண்டு உசுருக்குக் காவல் குடுக்கறீங்க.

பெயர்_வேண்டாம்
ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன். திருநம்பி. காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம், அவ்வளவுதான் சொல்லுவேன்.

எல்லாரும் திருநங்கைங்களைப் பத்தியே பேசறீங்க, சரிதான், அவங்கதான் ரோட்டுல கண்ணுக்குத் தெரியறாங்க. எங்களை வீட்டை விட்டுத் துரத்த மாட்டாங்க. உள்ள வெச்சுப் பூட்டுவாங்க. பன்னெண்டாவது முடிச்சதும் மாமா பையனுக்குக் கட்டி வெக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." முடி வெட்டினதுக்கு அண்ணன் பெல்ட்டால அடிச்சதுல காது ஒரு பக்கம் சரியா கேக்காது. சாமியாடி கிட்ட கூட்டிட்டுப் போய் வேப்பிலை அடி தனி. இதெல்லாம் எந்த ஸ்டேஷன்லயும் கேஸ் ஆகாது, ஏன்னா வெளிய யாருக்கும் தெரியாது. எங்க ஊர்ல கேட்டா "அந்தப் பொண்ணு கொஞ்சம் முரடு"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

தப்பிச்சு ஓசூர் வந்தேன். உடனே வீட்டுல "பொண்ணைக் காணோம்"னு புகார் குடுத்தாங்க. வக்காலத்து சார் சொன்ன அதே 2021 உத்தரவுதான் என்னைக் காப்பாத்துச்சு. காணோம்னு புகார் வந்து, காணாமப் போனவங்க வயசு வந்தவங்க, தானா விரும்பித்தான் வந்தாங்கன்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிட்டு புகாரை முடிச்சிடணும், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அதுல இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அதை பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்து விட்டாங்க. இன்ஸ்பெக்டர் அம்மா முழுசா படிச்சாங்க. அப்பாவை வெளிய உக்கார வெச்சுட்டு என்கிட்ட தனியா கேட்டாங்க. எழுதிக் குடுத்துட்டு வந்தேன். எல்லா ஸ்டேஷனும் ஒரே மாதிரி இல்லன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

மூணாவது_ஷிப்ட்
நானும் ஓசூர்தான், சிப்காட் பக்கம் ஒரு கம்பெனி. நான் ஆணும் இல்ல பெண்ணும் இல்ல, அப்படித்தான் எனக்கு என்னைத் தெரியும். இதை வீட்டுல சொல்லவே இல்ல. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. "ஆபரேஷன் பண்ணிக்கப் போறியா?"ங்கறதுதான் முதல் கேள்வியா வரும். 2019 சட்டம் வந்தப்ப அதுல இருந்த வரையறையில நாங்களும் வந்தோம், ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு அவசியம் இல்லாம இருந்துச்சு. கலெக்டர் குடுக்கற சான்றிதழுக்கு ஆன்லைன்லயே விண்ணப்பம் போடலாம், 2020ல விதி வந்தப்ப அதுல டாக்டர் பரிசோதனை இல்ல. இதைத் தெரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

என் பிரச்சனை அடி உதை இல்ல. வாடகைக்குப் போனா லேடீஸ் பி.ஜி., ஜென்ட்ஸ் பி.ஜி. ரெண்டுலயும் ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடறாங்க. கம்பெனியில ரெண்டு கக்கூஸ், ரெண்டுலயும் முறைப்பு. அதனால ஷிப்ட்டு முடியற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து ஜுரத்தோட டாக்டர்கிட்ட போனேன், "ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கறீங்க"ன்னு திட்டினார். அவர் கிட்ட என்னத்த சொல்றது.

டீச்சரம்மா சொன்ன பையன் பெஞ்சுல உக்காந்திருந்தானே, அதைப் படிச்சதும் போனைக் கீழ வெச்சிட்டேன்.

பாரதக்கூத்து_பிரியன்
கொஞ்சம் தடம் மாறுது, மன்னிக்கவும். நம்ம ஜில்லாவுல பாரதம் வெச்சா பதினெட்டு நாள் கூத்து. திரௌபதி வேஷம் கட்டறவர் ஆம்பளதான். துகில் உரியற அன்னிக்கு அவர் மேடையில அழுதா கீழ பொம்பளைங்க அழுவாங்க, சூடம் காட்டுவாங்க, மடியில பணம் போடுவாங்க. காலையில தேங்காண்ணெ தடவி அரிதாரத்தைத் தொடச்சிட்டு டீக்கடைக்கு வந்தா அதே ஆளை "என்ன திரௌபதி, நைட்டு வர்றியா?"ன்னு கேக்கறதை நான் பார்த்திருக்கேன். கேட்டவன் ராத்திரி சூடம் காட்டினவன். அந்தக் கலைஞர் திருநங்கையும் இல்ல, பொண்டாட்டி புள்ளை இருக்கறவர். பொம்பளத்தனம் ஒரு ஆம்பள உடம்புல தெரிஞ்சாலே போதும், நம்மாளுங்களுக்குக் கை நமநமங்குது.

தக்காளிமண்டி
மாந்தோப்பு அம்மா, நீங்க மரியாதையா எழுதினதால நானும் மரியாதையா சொல்றேன். வியாபாரம் இல்லாத நாள்ல கடைக்காரன் படற கஷ்டமும் கஷ்டம்தான், அதுல நான் மாறல. ஆனா கையில தையல் போடற அளவுக்குப் போனதுக்கு அது பதில் இல்ல. டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு: பத்தாவது முடிக்கலைன்னாலும் சர்வீஸ் கத்துக்கற ஆள் எனக்கு வேணும்தான். யாராவது இருந்தா அனுப்பிப் பாருங்க. கல்லாவுல மட்டும் உடனே உக்கார வெக்க மாட்டேன், அது யாரா இருந்தாலும்.

மட்டுறுத்துநர்
நடுவுல வந்த மூணு பின்னூட்டங்களை நீக்கியாச்சு. திருநங்கைங்களைக் கேலி பண்ற அந்த எண்ணை வசைச்சொல்லா இங்க யாரும் பயன்படுத்தக் கூடாது. பாதிக்கப்பட்டவங்க தெரு, வேலை பார்க்கற ஆஸ்பத்திரி பேர் எதையும் கேக்காதீங்க.

புளியங்கா
எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

புகார் எழுதிக் குடுத்தாச்சு. நானும் கூடப் போனேன், சி.எஸ்.ஆர். கிடைச்சுது. 24-சின்னு எழுதியிருந்ததை ஸ்டேஷன் ரைட்டர் ரெண்டு தடவை படிச்சார். எப்.ஐ.ஆர். இன்னும் போடல.

ஞாயித்துக்கிழமை அவங்க குடி வந்துட்டாங்க. பால் காய்ச்சினாங்க. தெருவுல ஒரே ஒரு வீட்டு அம்மா மட்டும் வந்து டம்ளர் வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க, அவங்களுக்கும் ஜாக்கெட் தைக்கணுமாம்.

இப்ப புதுசா ஒண்ணு. எங்க தெரு மாரியம்மன் கோயில் பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வரி வசூல் நடக்குது. வாடகைக்கு இருக்கறவங்களும் குடுப்பாங்க, நோட்டுல பேர் எழுதி ரசீது போடுவாங்க. மேல இருக்கற ரெண்டு பேரும் பணத்தை எடுத்துக்கிட்டு அவங்களா கீழ வந்தாங்க. வசூல் பண்றவங்க "உங்ககிட்ட வேண்டாம்மா"ன்னுட்டாங்க. அதட்டல, மரியாதையாத்தான் சொன்னாங்க. தைக்கறவங்க முகம் அப்படியே சுண்டிப்போச்சு. கல்லெறிஞ்சதைச் சொல்லும்போது கூட அவங்க அப்படி ஆகல.

நான் அப்புறம் போய் "சரி, என் பேர்லயே ரெண்டு வீட்டு வரியா எழுதிக்கோங்க"ன்னு பேசி முடிச்சுட்டு வந்து மேல சொன்னேன். பில் போடறவங்க பட்டுனு சொல்லிட்டாங்க: "வேண்டாங்க மாமா. எங்க பேர்ல எழுதறதா இருந்தா எழுதட்டும், இல்லன்னா பணம் எங்ககிட்டயே இருக்கட்டும்."

மாந்தோப்பு_அம்மா
அந்தப் பொண்ணு சொன்னது சரி. கடை கேட்டா எதுக்குக் கேக்கறேன்னு அடிக்கறீங்க. வரி குடுத்தா வேண்டாங்கறீங்க.

ஊர்சுத்தி_பென்னாகரம்
வரி வாங்கிட்டா தெருவுல ஒரு குடின்னு ஆயிடும். நாளைக்குக் கூழ் ஊத்தறப்ப, மாவிளக்கு எடுக்கறப்ப வரிசையில நிக்க உரிமை வந்துடும். தெருக்காரங்களுக்கு அது நல்லா தெரியும், அதான் நோட்டைத் திறக்க மாட்டேங்கறாங்க. எங்க ஊர்ல வேற சாதிக்காரங்களையும் இதே நோட்டை வெச்சுத்தான் வெளிய நிறுத்தறாங்க.

அரூர்_டீச்சரம்மா
புளியங்கா சார், பால் குடிக்க வந்த அந்த அம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் வசூல் பண்றவர் வீட்டுலயும் ஜாக்கெட் தைக்க வேண்டியிருக்கும்.

வக்காலத்து
வரியை அவங்க முடிவுப்படியே விடுங்க. ஒப்பந்தம் போட்டாச்சான்னு நீங்க சொல்லவே இல்லையே? 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கற வாடகைச் சட்டப்படி வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்துல போட்டு வாடகை அதிகாரி கிட்ட பதிவு பண்ணணும். ரெண்டு பேர் பேரும் அவங்க வெச்சுக்கிட்ட பேர்லயே இருக்கட்டும், அடையாள அட்டையில எப்படி இருக்கோ அப்படி. அட்டையில இன்னும் பழைய பேர் இருந்தா முதல்ல கலெக்டர் ஆபீஸ்ல சான்றிதழுக்குப் போட்டு அதை மாத்தணும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கே நேரா போங்க. போற வேலையோட, 2020 விதிப்படி மாவட்டத்துல கலெக்டர் பொறுப்புல இருக்க வேண்டிய திருநர் பாதுகாப்புப் பிரிவு யார் கையில இருக்குன்னு மனுவா எழுதிக் கேட்டு நம்பர் வாங்கிட்டு வாங்க. எப்.ஐ.ஆர். விஷயத்துல ஒரு வாரம் பார்ப்போம். அசையலைன்னா எஸ்.பி.க்குத் தபால். மனு நகலை எனக்குத் தனிமடல்ல அனுப்புங்க, பிரிவுகளை நான் பார்த்துக் குடுக்கறேன்.

புளியங்கா
ஒருத்தங்களுக்கு ஆதார்ல பேர் மாத்தியாச்சு. தைக்கறவங்களுக்குப் பழைய பேர்தான். திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன், அன்னிக்கு லீவு போட்டாச்சு.

பெயர்_வேண்டாம்
அண்ணா, அந்த 2021 உத்தரவு பிரிண்ட் என்கிட்ட இருக்கு. வேணும்னா சொல்லுங்க, ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.